கேபின் முன்னாலா, பின்னாலா, ஓரத்திலா? சிறிய ஆழ்கடல் மீன்பிடிப் படகின் மேல்தளத்தைத் திட்டமிடுவது

கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. உக்கடம் மொத்த மீன் மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர்களில் சிலர் தேங்காய்ப்பட்டணத்திலோ நாகப்பட்டினத்திலோ தெரிந்த ஒருவரோடு பங்கு சேர்ந்து சொந்தப் படகு கட்ட நினைக்கிறார்கள். கணபதி, பீளமேடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ரோலர், வின்ச் (வலைக்கயிறு இழுக்கும் இயந்திரம்) ஸ்டாண்டு, கைப்பிடிக் கம்பி என்று படகு வேலை வருகிறது. இரண்டு தரப்பும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: "ஏனுங்க, கேபினை முன்னால வெச்சுக் கட்டறதுங்களா, பின்னால வெச்சுக் கட்டறதுங்களா? கட்டுற எடத்துல கேட்டா ரெண்டுமே நல்லதுங்கறாங்க."

அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் கேள்வி தலைகீழாக இருக்கிறது. மீன் எந்தப் பக்கம் வழியாக உள்ளே ஏறும், வலை எந்தப் பக்கம் வழியாக வெளியே போகும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒதுக்கியது போக மிஞ்சுகிற இடம்தான் கேபினுக்கு. கேபினை முதலில் வரைந்துவிட்டு, மிச்ச இடத்தில் வேலையைத் திணிக்கிற படகுகளில்தான் ஆட்கள் வலை மேல் ஏறி நடக்கிறார்கள்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 32 முதல் 40 அடி நீள ஃபைபர் படகு. உள்ளே டீசல் எஞ்சின், ஐந்தாறு ஆட்கள், இரண்டு மூன்று நாள் கடலில் தங்கும் தொழில். இதைவிடப் பெரிய படகுகளுக்கு முறைப்படி கப்பல் வடிவமைப்பாளர் வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

தொழில். செவுள் வலையா (மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் வலை), ஆயிரங்கால் தூண்டிலா (நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிய தூண்டில் முட்கள்), இழுவை மடியா (படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை)? "மூன்றும் செய்யலாம்" என்று கட்டுகிற படகு மூன்றிலும் சுமாராக இருக்கும். வருஷத்தில் அதிக நாள் எதைச் செய்யப் போகிறீர்களோ அதற்குக் கட்டுங்கள்.

பாரம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவருக்குப் பாரம் எங்கே உட்கார வேண்டும் என்று நன்றாகவே தெரியும். ஆனால் அவருடைய லாரிக்கு அடியில் ரோடு இருக்கிறது. படகில் பாரம் பின்னால் போனால் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும், மேலே போனால் படகு நிமிர மறுக்கும். அதோடு பாரம் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. போகும்போது டீசலும் தண்ணீரும் முழுசாக இருக்கும், திரும்பும்போது பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். ஐஸ் கிடந்த இடத்தில் மீன் இருக்கும். ஆயிரம் லிட்டர் டீசல் ஏறக்குறைய 840 கிலோ. அந்த எடை ஒரு பயணத்துக்குள் படகின் ஒரு மூலையிலிருந்து காணாமல் போகிறது. அதனால் எந்தத் திட்டத்தையும் இரண்டு முறை கணக்குப் பார்க்க வேண்டும்: கிளம்பும்போது ஒன்று, மீனோடு திரும்பும்போது ஒன்று.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. கொக்கியில் தொங்குகிற பாரம் எவ்வளவு தாழ்வாகத் தொங்கினாலும், படகைப் பொறுத்தவரை அது தூக்குக் கம்பத்தின் உச்சியில் வைத்த பாரம்தான். 300 கிலோ மீனைத் தளத்திலிருந்து ஒரு சாண் தூக்கினாலே போதும், அது கம்பத்தின் நுனிக்கே ஏறிவிட்ட மாதிரி. கேபின் கூரையில் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் அதே கதை.

தளத்தில் ஏறும் தண்ணீர். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத் தளத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1.2 டன்னுக்கும் மேல். அந்தத் தண்ணீர் சும்மா நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடி, இன்னும் சாய்க்கும். ஓரச்சுவரில் வடிதுளைகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, அவற்றை வலை அடைத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும்.

நடை. கேபினைச் சுற்றி முன்னுக்கும் பின்னுக்கும் போக ஒரு பக்கமாவது ஆள் நேராக நடக்கும் வழி வேண்டும். ஓரச்சுவர் தொடையின் பாதி உயரத்தில் நின்றால், சுவர் இல்லாததைவிட மோசம் என்பேன். சாய்கிற ஆளை அது அப்படியே வெளியே புரட்டிவிடும்.

பார்வை. ஓட்டுகிறவருக்கு முன்னால் கடலும் தெரிய வேண்டும், வலை இழுக்கிற ஆளின் கையும் தெரிய வேண்டும். இரவில் உங்கள் படகு மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். மடி இழுக்கிற படகு என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. வலை, தூண்டில் போன்ற மற்ற தொழில் என்றால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இந்த விளக்குகள் சுற்றிலும் தெரிய வேண்டும். விளக்குக் கம்பத்தை கேபின் மறைக்கிற மாதிரி வரைந்துவிட்டால் பிறகு கம்பத்தை உயர்த்த வேண்டி வரும். அது மேலே இன்னும் கொஞ்சம் பாரம்.

பராமரிப்பு. எஞ்சினை ஒருநாள் வெளியே எடுத்தாக வேண்டும். எந்த வழியாக?

## கேபின் முன்னால், வேலைத்தளம் பின்னால்

நம் கரையில் மடிப் படகுகளைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே கேட்பது இதைத்தான். மடி பின்பக்கம் வழியாக இறங்கி ஏறுகிற தொழில் என்றால் இதில் வாதமே இல்லை. பின்னால் விரிந்த தளம் வேண்டும். எதிர்அலை வரும்போது கேபின் மறைப்பாக நிற்பதால் வேலை செய்கிறவர்கள் மேல் சாரல் குறைவு. ஓட்டுகிறவருக்கு முன்பார்வை சுத்தமாக இருக்கும்.

சங்கடம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது பாரம். வலை, மீன், வின்ச், ஆட்கள் எல்லாம் பின்னால்தான். மீன் அறையும் பின்னால் போய்விட்டால், நல்ல பாடு (நிறைய மீன்) கிடைத்த நாளில்தான் படகின் பின்பக்கம் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் அலை பின்னாலிருந்து துரத்தினால் தண்ணீர் நேராகத் தளத்துக்கு வரும். ஆகவே இந்தத் திட்டத்தில் மீன் அறையை கேபினை ஒட்டி, முடிந்தவரை படகின் நடுவில் வைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, ஓட்டுகிறவர் வேலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஒருவர் கால் கயிற்றில் சிக்கினால் அவருக்குச் சத்தம்தான் கேட்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது அதுவும் கேட்காது. பின்தளத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வின்ச்சை நிறுத்தும் சுவிட்சும் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சும் இருந்தே தீர வேண்டும். பின்பக்க ஜன்னல் பெரிதாக இருக்க வேண்டும்.

மறைந்திருக்கிற செலவைச் சொல்கிறேன். எஞ்சின் கேபினுக்கு அடியில் வந்தால் விசிறித் தண்டு (எஞ்சினிலிருந்து படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் தண்டு) நீளமாகும், இடையில் தாங்கிகள் கூடும், அவற்றை நேர்கோட்டில் வைப்பது தனி வேலை. எஞ்சினை இறக்கி ஏற்ற கேபின் கூரையில் கழற்றக்கூடிய மூடி வைக்காவிட்டால், முதல் பெரிய ரிப்பேருக்குக் கூரையையே அறுப்பார்கள். அப்புறம் ஒன்று: அலையில் அதிகமாக ஏறி இறங்குவது முன்பகுதிதான். கேபினிலேயே படுக்கை என்றால் ஆட்களுக்குத் தூக்கம் சரியாக இருக்காது. மூன்றாவது நாள் வேலையில் அது தெரியும்.

## கேபின் பின்னால், வேலைத்தளம் முன்னால்

செவுள் வலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். காரணம் காற்று. வலையை விட்டுவிட்டு அதோடு படகு மிதக்கும்போது, வலைக்கயிற்றை முன்பக்கம்தான் பிடித்துக்கொள்கிறது. கேபின் பின்னால் இருந்தால் காற்று அதைத் தள்ளி, படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்திவைக்கும். கேபின் முன்னால் இருந்தால் அதே காற்று மூக்கைத் தள்ளிவிட்டுப் படகைக் குறுக்கே போடப் பார்க்கும். குறுக்கே கிடக்கிற படகு இரவு முழுக்க உருளும்.

ஓட்டுகிறவருக்கு ஆட்கள் அத்தனை பேரும் கண் முன்னால். வலை எந்தக் கோணத்தில் வருகிறது என்று பார்த்துப் படகை ஒரு தட்டுத் தட்டி முன்னே விடலாம், யாரும் கத்த வேண்டியதில்லை. வலை முன்னால் ஏறுவதால் விசிறியிலிருந்து தள்ளியே இருக்கிறது. எஞ்சின் பின்னால், தண்டு குட்டை, புகைக்குழாய் குட்டை. மீன் அறை தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறது. திரும்பும்போது பின்னால் டீசல் குறைந்திருக்கும், நடுவில் மீன் நிறைந்திருக்கும். படகு பெரும்பாலும் மட்டமாகவே நிற்கும்.

இதற்கு என்ன விலை? முதலாவது நனைதல். எதிர்அலை உடைவது வேலைத்தளத்தின் மேல். முன்பக்கச் சுவரை உயர்த்த வேண்டும், சாரலைத் தள்ளிவிடும் மடிப்பு வேண்டும், வடிதுளைகள் தாராளமாக வேண்டும். இரண்டாவது, முன்னால் ஏறிய வலையை மறுபடி எப்படி விடுவது? பின்பக்கம் வழியாகத்தான் விட வேண்டும் என்றால் கேபின் ஓரமாக வலை போக ஒரு தடம், மேலே ஒரு வழிகாட்டிக் கம்பி, பின்னால் ஒரு ரோலர் வேண்டும். பட்டறைக்காரர்களுக்கு நல்ல வேலைதான். படகுக்காரர் பட்ஜெட்டில் அது இருக்காது. மூன்றாவது, எஞ்சினுக்கு மேலேயே வாழ்வது. சூடும் சத்தமும் கேபினுக்குள்தான். எஞ்சின் அறைத் தடுப்புக்குச் சத்தம் தாங்கும் பூச்சு போடுவதைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

முன்தளத்தில் பெட்டிகளையும் வலையையும் அடுக்கினால் முன்பார்வை போய்விடும். இதற்கு வழி, ஓட்டுகிற ஆளின் தரையை ஒரு படி உயர்த்துவது. கேபினையே மாடியாக்குவது அல்ல.

## கேபின் நடுவில், ஒரு ஓரமாக

ஆயிரங்கால் தூண்டில்காரர்களுக்கு இது பிடிக்கும். கயிறு ஒரு பக்கமாக, நடுவுக்குச் சற்று முன்னால் ஏறுகிறது. பின்னால் இருந்து இறங்குகிறது. கேபினை மறுபக்க ஓரத்தில் ஒட்டினால் முன்னிலிருந்து பின்வரை ஒரே அகல நடைபாதை கிடைக்கும். கயிறு ஏறும் இடம், மீனைக் கொக்கியிலிருந்து எடுக்கும் இடம், சுத்தம் செய்யும் மேசை, மீன் அறையின் வாய், இரை மாட்டும் இடம், எல்லாம் ஒரே வரிசையில் வரும். ஒருவர் வேலையில் இன்னொருவர் குறுக்கிட மாட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை தூரத்தில் லைன் ஹாலர் (தூண்டில் கயிற்றை இழுத்தெடுக்கும் கருவி) இருந்தால் ஓட்டுகிறவரே கயிற்றின் இழுப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்கலாம்.

பாரத்தையும் இதில் சாமர்த்தியமாகப் பிரிக்கலாம். இழுக்கும் பக்கத்தில் ஹாலரும் ஆட்களும் மீனும். எதிர்ப்பக்கத்தில் கேபினும் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும். ஆனால் தண்ணீர்த் தொட்டி காலியாகக் காலியாக இந்தச் சமநிலை நழுவும் என்பதை மறக்க வேண்டாம். கேபின் மறைக்கிற பக்கத்திலிருந்து வருகிற படகு தெரியாமல் போவதும் உண்மையான ஆபத்து. அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாமல் சமையல் அலமாரி வைத்து அடைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும்.

பத்தடிக்குக் குறைந்த அகலம் என்றால் இதை விட்டுவிடுங்கள். கேபினும் குறுகி, தளமும் குறுகி, இரண்டும் உருப்படாது. கட்டுமிடத்தில் இந்த வடிவத்துக்கு ஃபைபர் வார்க்கும் அச்சு தயாராக இல்லாவிட்டால், தனி அச்சுக்கு ஆகும் பணம் உங்கள் தலையில்தான்.

(கேபினே வேண்டாம், மேலே ஒரு பந்தல் போதும் என்பதும் ஒரு வழிதான். விடியற்காலை போய் மாலைக்குள் திரும்புகிற தொழிலுக்கு அது போதும். காசும் மிச்சம், பாரமும் மிச்சம். இரவு தங்குகிற படகுக்கு அதைப் பற்றிப் பேச வேண்டாம்.)

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | கேபின் முன்னால் | கேபின் பின்னால் | நடுவில் ஓரமாக |
|---|---|---|---|
| பொருந்தும் தொழில் | இழுவை மடி | செவுள் வலை | ஆயிரங்கால் தூண்டில் |
| வேலைத்தளம் நனைவது | எதிர்அலையில் குறைவு, பின்அலையில் ஆபத்து | எதிர்அலையில் அதிகம் | நடுத்தரம் |
| ஆட்கள் கண்ணில் படுவது | முதுகுப் பக்கம் | முழுக்க | இழுக்கும் பக்கம் மட்டும் நன்றாக |
| மீனோடு திரும்பும்போது | பின்பக்கம் தாழும் | மட்டம் | பக்கவாட்டில் கவனம் தேவை |
| தூக்கம் | மோசம் | ஆட்டம் குறைவு, சத்தம் அதிகம் | நல்லது |
| எதிர்பாராத செலவு | நீளத் தண்டு, கூரை மூடி, பின் சுவிட்சுகள் | வலைத் தடம், முன்சுவர், சத்தத் தடுப்பு | தனி அச்சு |

## ஐஸ் எங்கே?

கேபினைப் பற்றி இத்தனை விவாதிக்கிறவர்கள் ஐஸை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். உக்கடத்தில் விலை பேசுகிறவருக்குத் தெரியும், படகு எவ்வளவு பிடித்தது என்பதைவிட எப்படிக் கொண்டுவந்தது என்பதுதான் ரூபாய்.

நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைப்பது வழக்கம். உடைத்த பார் ஐஸ் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் இடம் பிடிக்கும். தளத்துக்குக் கீழே மீன் அறை கட்டினால் பாரம் தாழ்வாக உட்காரும், வெயில் நேராகப் படாது, தளமும் காலியாக இருக்கும். ஆனால் எஞ்சின் அறைப் பக்கத்துச் சுவருக்கு மற்றதைவிடத் தடிமனாக பஃப் (வெப்பம் தடுக்கும் ஃபோம்) போட வேண்டும். உருகிய தண்ணீர் தேங்காமல் ஒரு குழிக்கு வடிந்து, பம்பில் வெளியே போக வேண்டும். அறையை நீளவாக்கில் நடுவே தடுத்துவிடுவது நல்லது. உள்ளே தேங்குகிற தண்ணீர் பக்கவாட்டில் அலைந்து படகைச் சாய்க்கிற விளைவு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும்: அகலம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டு மடங்கு. நடுவே ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தால் அந்த விளைவு கால்பங்காகக் குறைகிறது. டீசல் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

தளத்தின் மேல் ஐஸ் பெட்டிகளை வைப்பது மலிவு. கரையில் பெட்டியோடு இறக்கி வண்டியில் ஏற்றிவிடலாம். ஒன்றிரண்டு பெட்டி, நன்றாகக் கட்டிவைத்திருந்தால், சரி. ஒரு டன்னுக்கு மேல் தளத்தின் மேலே நிற்கப் போகிறது என்றால் நான் கீழே அறை கட்டத்தான் சொல்வேன். படகு வெடுக்கென்று நிமிர்ந்தால் ஆட்களுக்கு எரிச்சல்தான், பயமில்லை. சாய்ந்துவிட்டு யோசித்து யோசித்து நிமிர்ந்தால்தான் மேல்பாரம் அதிகம் என்று அர்த்தம்.

## நம் பட்டறைகளுக்கு

ஸ்டீல் என்றால் 304 போதும் என்று நினைத்து வேலை எடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் 304-இல் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். மாலிப்டினம் சேர்ந்த 316 தான் கடலுக்கு ஓரளவு தாங்கும். விலை கூடுதல் என்று படகுக்காரர் முகம் சுளித்தால், தண்ணீர் எப்போதும் படுகிற இடங்களுக்கு மட்டும் 316, மற்றவற்றுக்கு மைல்ட் ஸ்டீலில் செய்து துத்தநாகத்தில் முக்கி எடுத்தது என்று பிரித்துக் கொடுக்கலாம். அலுமினியத்தோடு ஸ்டீல் போல்ட்டை நேராகத் தொட விடாதீர்கள். இடையில் நைலான் வாஷர் போடுங்கள். இல்லாவிட்டால் அலுமினியம் கரைந்துபோகும்.

அதைவிட முக்கியம், ரோலரும் வின்ச்சும் எங்கே உட்காரும் என்பதைப் படகு அச்சில் இருக்கும்போதே சொல்லிவிடுவது. ஃபைபர் தளத்துக்கு நடுவே மரமோ ஃபோமோ இருக்கும். பிறகு துளை போட்டு வின்ச்சை முறுக்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்மரம் ஊறும். தளம் மேலே பளபளப்பாகவே இருந்துகொண்டு உள்ளே சோறாகிவிடும். முதலிலேயே தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் திடமாக ஃபைபர் அடித்து, அடியில் தகடு வைத்துத் தருவார்கள்.

## தீர்மானிக்கும் முன்

கடற்கரைக்குப் போகாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. தோட்டத்தில் களம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் பட்டறை வாசலில், படகின் மேல்தளத்தை முழு அளவில் சுண்ணாம்புப் பொடியில் வரையுங்கள். கேபின் இருக்குமிடத்தில் செங்கல் அடுக்குங்கள். வின்ச்சுக்கு ஒரு டிரம், ஐஸ் அறை வாய்க்கு ஒரு சாக்கு. பங்காளியையும் படகு ஓட்டப் போகிறவரையும் ஆட்களையும் வரச்சொல்லி, பழைய வலையை இழுத்துப் போட்டு, வலை விட்டு இழுக்கிற ஒரு முழுச் சுற்றையும் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இழுப்பது, மீன் எடுப்பது, அறைக்குள் தள்ளுவது, திரும்ப வலை விடுவது. யார் யாரை எங்கே இடிக்கிறார்கள், யார் வலை மேல் ஏறி நிற்கிறார்கள் என்று ஓரமாக நின்று கவனியுங்கள். பேச வேண்டியது கடலுக்குப் போகிறவர்கள்தான். பணம் போட்டவர் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

கட்டுமிடத்தில் கொடுக்கும் தாளில் படத்தோடு இவையும் எழுத்தில் இருக்கட்டும்: எஞ்சின் வெளியே வரும் வழி, வடிதுளைகளின் எண்ணிக்கையும் அளவும், ஓரச்சுவரின் உயரம், தொட்டிகளின் இடமும் கொள்ளளவும், திடமாக ஃபைபர் அடிக்க வேண்டிய இடங்கள். படகு தண்ணீரில் இறங்கியபின் முழு டீசல், முழு ஐஸோடு ஒரு முறை நிறுத்தி, முன்னும் பின்னும் தண்ணீர்க்கோட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேருங்கள்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கான தடை ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை. அந்த நாட்களில் கரையேறிய பழைய படகுகள் எல்லாம் ரிப்பேருக்கு நிற்கும். புதுப் படகுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். தை, மாசிக்குள் படம் முடிந்துவிட்டால், கோயமுத்தூரில் செய்கிற ரோலரும் கம்பிகளும் பங்குனியில் லாரி ஏறி, கூட்டம் தொடங்கும் முன்பே போய்ச் சேரும்.